கையில் என்ன இருக்கிறது? மீட்புப் பொம்மைகளின் சிறு வரலாறு

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் இருக்கிறது செட்டிகுளம். வெளியூர்க்காரர்களுக்குச் சின்ன வெங்காயத்தால் தெரிந்த ஊர். அங்கே குன்றின் மேல் ஒரு தண்டாயுதபாணி கோயில் உண்டு. சாமியின் பெயரில் தண்டம் இருக்கிறது, கையில் இல்லை. இந்த முருகன் ஏந்தியிருப்பது கரும்பு. பழனியில் கோலூன்றி நிற்கும் ஆண்டியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு நொடி குழப்பம் வரும்.

அந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. சிற்ப சாஸ்திரம் படிக்காதவர்களும் சிலையை அடையாளம் காண்பது கையை வைத்துத்தான். சங்கு சக்கரம்னா பெருமாள், வேல்னா முருகன், ஓங்கிய அரிவாள்னா கருப்பு. முகமும் உடம்பும் ஏறக்குறைய ஒரே அச்சு. யார், என்ன வேலை என்பதைக் கை சொல்லிவிடும்.

பிளாஸ்டிக் பொம்மைகளும் இதே விதியில்தான் ஓடுகின்றன. ஒரே உடம்புக்கு ஹெல்மெட்டும் கோடரியும் கொடுத்தால் தீயணைப்பு வீரர். அதைப் பிடுங்கிவிட்டு மருந்துப் பெட்டியைக் கொடுத்தால் ஆம்புலன்ஸ்காரர். இந்த மீட்புப் பொம்மைகள் எப்படி வந்தன, அவற்றைப் பிரித்து, மாற்றி, நம் இஷ்டத்துக்குச் செய்துகொள்வது எப்படிச் சாத்தியமாயிற்று, நம்ம ஊரில் கிணற்றுக்குள் இறங்கும் ஆள் ஏன் இன்னும் அந்தப் பொம்மைப் பெட்டிக்குள் வரவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

சொப்பும் மரப்பாச்சியும்

நம்மிடம் பழைய பொம்மைகளுக்குக் குறைவில்லை. சொப்புச் சாமான் என்பது அடுப்பு, குடம், சட்டி, கரண்டி. அதாவது முழுக்க முழுக்கத் துணைக்கருவிகள், ஆள் கிடையாது. விளையாடுகிற பிள்ளையே ஆள். மரப்பாச்சி நேர் எதிர். ஆணும் பெண்ணுமாக இரண்டு மர உருவங்கள், வேறு ஒன்றும் இல்லை. துணி, நகை, பொட்டு எல்லாம் வீட்டில் செய்து போட வேண்டியது. கொலு வைக்கிற வீடுகளில் வருஷா வருஷம் அதற்குப் புதுப் புடவை கட்டுவார்கள். 'கஸ்டமைஸ்' என்று இன்று சொல்கிற வேலையை நம் பாட்டிகள் ஜரிகைத் துண்டை வைத்து முடித்துவிட்டார்கள்.

ஆனால் இந்த உலகம் சமையல், கல்யாணம், கடை, கோயில் என்று நின்றுவிட்டது. ஆபத்தில் ஓடி வருகிறவர் அதில் இல்லை. அந்த வேலை சாமிகளுடையது என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

சிப்பாய் மீட்பாளர் ஆன கதை

1964-ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற 12 அங்குலச் சிப்பாயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'பொம்மை' என்றால் பையன்கள் தொட மாட்டார்கள் என்று பயந்து, 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று புதுப் பெயர் வைத்தார்கள். வியாபாரச் சூட்சுமம் பொம்மையில் இல்லை, அதன் சாமான்களில் இருந்தது. பார்பிக்கு உடை தனியாக விற்ற மாதிரி, ஜோவுக்குச் சீருடை, துப்பாக்கி, கூடாரம் என்று தனித்தனிப் பெட்டிகள். ஆளை ஒரு தடவை வாங்கினால் போதும், கைக்குச் சாமான் வாங்கிக்கொண்டே இருக்கலாம்.

அப்புறம் வியட்நாம் போர் வந்தது. சவப்பெட்டிகள் ஊர் திரும்பத் திரும்ப, பிள்ளைக்குச் சிப்பாய் வாங்கிக் கொடுக்கப் பெற்றோருக்குக் கை கூசியது. 1970-ல் ஹாஸ்ப்ரோ ஜோவை 'அட்வென்சர் டீம்' ஆக்கியது. உடம்பில் பெரிய மாற்றம் இல்லை. தாடி வந்தது, துப்பாக்கி பின்னால் போனது, காட்டிலும் கடலிலும் சாகசமும் மீட்பும் செய்கிற சாமான்கள் முன்னால் வந்தன. போரை விட்டு வெளியே வர, அதே உடம்புக்குக் கையில் இருந்ததை மாற்றினால் போதும் என்று தொழிற்சாலையே காட்டிக்கொடுத்தது.

ஐரோப்பாவில் வேறு வழி. 1973 எண்ணெய் நெருக்கடியில் பிளாஸ்டிக் விலை ஏறியபோது, குறைந்த பிளாஸ்டிக்கில் விற்கக்கூடிய பொம்மை தேவைப்பட்டது. ஹான்ஸ் பெக் வடிவமைத்த 7.5 சென்டிமீட்டர் பிளேமொபில் ஆள் 1974-ல் சந்தைக்கு வந்தான். குழந்தையின் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. 1978-ல் லெகோவின் குட்டி மனிதர்கள் வந்தார்கள். காவலரும் தீயணைப்பு வீரரும் மருத்துவப் பணியாளரும் ஆரம்பத்திலேயே அதில் உண்டு.

லெகோ ஆளின் கை சி-வடிவக் கொக்கி. ஏறக்குறைய 3.2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள எந்தக் குச்சியையும் அது பிடிக்கும். எங்கள் மென்பொருள் பாஷையில் இதை இன்டர்ஃபேஸ் என்போம். இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு ஒப்புக்கொண்டால் போதும், யார் செய்த சாமானும் யார் கைக்கும் பொருந்தும். மாற்றிச் செய்கிற கலை வளர்ந்ததற்கு ரசனையோடு இந்த 3.2 மில்லிமீட்டர் ஒழுக்கமும் காரணம்.

முதுகில் ஒரு திருகாணி

1946-ல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப், பிறகு டயருக்குப் போய், 1980களின் இறுதியில் ஃபன்ஸ்கூல் வழியாக மறுபடி பொம்மைக்கு வந்தது. ஹாஸ்ப்ரோவோடு கூட்டு, கோவாவில் தொழிற்சாலை, சென்னையில் தலைமையிடம். அமெரிக்காவில் ஓய்ந்த ஜி.ஐ. ஜோ அச்சுகள் இந்தியா வந்தன. இங்கே நிறம் மாறியது, சில சமயம் ஒரு ஆளின் உறுப்பு இன்னொரு ஆளுக்குப் போனது. உலகம் முழுக்க உள்ள சேகரிப்பாளர்கள் இன்றும் ஃபன்ஸ்கூல் ஜோக்களைத் தேடி வாங்குவது அந்த விசித்திர நிறங்களுக்காகத்தான்.

இந்தத் தலைமுறை ஜோ 3.75 அங்குலம். 1982-ல் அமெரிக்காவில் வந்த வடிவம். முதுகில் ஒரு திருகாணி இருக்கும். கழற்றினால் மார்பு இரண்டாகப் பிரியும், தலையும் கைகளும் கையோடு வந்துவிடும். உள்ளே ஒரு ரப்பர் வளையம்தான் இடுப்பையும் காலையும் மேலுடம்போடு இழுத்துப் பிடித்திருக்கும். நாலைந்து வருஷத்தில் அந்த ரப்பர் இற்றுப்போய், பொம்மை இடுப்போடு இரண்டாகும். அப்போதுதான் திருகாணியைக் கழற்றக் கற்றுக்கொள்வோம். கழற்றியபின் அதே ஆளை அப்படியே திருப்பி மாட்ட எந்தப் பையனுக்கு மனசு வரும்? பழுதுபார்ப்பதுதான் மாற்றிச் செய்வதன் முதல் பாடம்.

அந்த வரிசையிலும் மீட்பாளர்கள் இருந்தார்கள். 1985-ல் பார்பெக்யூ என்ற தீயணைப்பு வீரர், கோடரி, குழாய், முதுகில் தொட்டியோடு. 1986-ல் லைஃப்லைன் என்ற மருத்துவப் பணியாளர். கதைப்படி லைஃப்லைன் ஆயுதம் தொடாத ஆள், ஆனால் பொம்மைப் பெட்டிக்குள் அவருக்கும் ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அதைத் தூக்கி வேறு ஆளிடம் கொடுத்தால், கதாபாத்திரத்துக்குத் தொழிற்சாலையைவிட நியாயம் செய்தவர்கள் அவர்கள்தான்.

1990களின் இறுதியில் ஃபிஷர்-பிரைஸின் 'ரெஸ்க்யூ ஹீரோஸ்' வந்தபோது சிப்பாய் முழுசாகக் கழன்றுவிட்டார். நிற்பதற்குப் பெரிய பாதம், முதுகில் இயங்குகிற கருவி, எதிரி என்று யாரும் இல்லை. தீயும் வெள்ளமும் நிலச்சரிவும்தான் எதிரி. 2001 செப்டம்பர் 11-ல் நியூயார்க்கின் 343 தீயணைப்புப் பணியாளர்கள் இறந்தபின், அமெரிக்கக் கடைகளில் தீயணைப்பு வீரர் பொம்மைகளுக்குத் தேவை கூடியது.

எம்-சீலும் சுடுதண்ணியும்

இன்று மாற்றிச் செய்ய விரும்புகிறவருக்குத் தேவையானது குறைவு. பொம்மையின் கையைச் சுடுதண்ணியில் ஒரு நிமிஷம் பிடித்தால் பிளாஸ்டிக் இளகும், உடையாமல் உருவலாம். உப்புத்தாளால் பழைய பளபளப்பைத் தேய்த்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் பெயின்ட் நிற்காது. மூட்டுகளில் மெலிசாகப் பூச வேண்டும், தடித்தால் முதல் அசைவிலேயே உரியும். தண்ணீர்க் குழாய் அடைக்கிற எம்-சீல் இருக்கே, அதைப் பிசைந்து இறுகுவதற்குள் ஹெல்மெட்டோ பையோ பிடித்துவிடலாம். கயிற்றுக்குத் தையல் நூல். முப்பரிமாண அச்சு வந்தபின் கையளவுக்குச் சாமான் அடித்தும் வாங்கலாம்.

கை வேலை சுலபம். யாரைச் செய்வது என்பதுதான் கஷ்டம். கடையில் கிடைக்கிற தீயணைப்பு வீரர் அமெரிக்க உடையில் அடுக்குமாடியில் ஏறுகிறார். காக்கிச் சீருடைக்காரரை நாம்தான் பூசியெடுக்க வேண்டும். 2008-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸின் பணியாளரையும் அப்படித்தான். 2015 சென்னை வெள்ளத்தில் படகோடு வந்த மீனவர்களுக்குக் கையில் துடுப்பு, தோளில் கயிறு போதும். 2018 கேரள வெள்ளத்தில் ஒரு மீனவர் தண்ணீரில் குனிந்து, தன் முதுகைப் படியாக்கிப் பெண்களைப் படகில் ஏற்றினார். அவருக்கு எந்தச் சாமானும் வேண்டாம். முழங்காலும் இடுப்பும் வளைகிற பொம்மையாக இருந்தால் சரி. நம்ம கொலுக்கள் கொஞ்சம் முன்னாலேயே ஓடின. 2020 நவராத்திரியில் முகக்கவசம் போட்ட மருத்துவரும் செவிலியரும் காவலரும் படியேறிவிட்டார்கள்.

கிணற்றுக்குள் இறங்குகிற ஆள்

செட்டிகுளம் பக்கம் வெங்காயத்துக்குத் தண்ணீர் கிணற்றிலிருந்தும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும்தான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆபத்து என்றால் அடுக்குமாடித் தீ நினைவுக்கு வராது, குழிதான் நினைவுக்கு வரும்.

2019 அக்டோபர் 25-ஆம் தேதி, மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் குழிக்குள் விழுந்தது. நான்கு நாள் தமிழ்நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படையும் மாநிலப் படையும் தீயணைப்புத் துறையும் அங்கே இருந்தன. அவர்களோடு, தாங்களே செய்த கருவிகளோடு தனி ஆட்களும் வந்தார்கள். கயிறு, இடுக்கி, கேமரா சேர்த்துக் கட்டிய கருவிகள். அந்தக் குழியின் அகலத்துக்கு என்று செய்த கருவி எந்த வண்டியிலும் தயாராக இல்லாததால், இருந்ததைப் பிரித்து மாட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் இன்னொரு குழி தோண்டினார்கள், பாறை விடவில்லை. 29-ஆம் தேதி அதிகாலை குழந்தையின் உடலைத்தான் எடுக்க முடிந்தது.

அடுத்த வருஷமே பெரம்பலூர் மாவட்டம் செல்லியம்பாளையத்தில் கிணற்றுக்குள் சிக்கியவரைத் தூக்க இறங்கிய தீயணைப்பு வீரர் ஒருவர் மூச்சுத்திணறி இறந்தார். வெடி வைத்துத் தோண்டுகிற கிணற்றில் புகையும் நச்சு வாயுவும் அடியில் தங்கும். டீசல் எஞ்சினை உள்ளே இறக்கி ஓட்டினாலும் இதேதான். வாசனை தெரியாது, கண்ணுக்குத் தெரியாது. முதலில் இறங்கியவர் மயங்க, அவரைத் தூக்கப் போனவர் மயங்க, மூன்றாமவர் இறங்க என்று இத்தகைய விபத்துகள் அடுக்கடுக்காகப் போவது அதனால்தான். தைரியம் அங்கே குறைவாக இருப்பதில்லை. காற்றுதான் குறைவாக இருக்கிறது.

பொம்மைத் தீயணைப்பு வீரரின் முதுகில் இருக்கும் சிலிண்டரை நாம் அழகுக்கு என்று நினைத்துக் கழற்றிப் போடுகிறோம். சோஃபா அடியில் முதலில் தொலைவதும் அதுதான். நிஜத்தில் அதற்குள் இருப்பது அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. பலரும் நினைக்கிற மாதிரி ஆக்சிஜன் இல்லை. அந்தக் காற்று இல்லாமல் கிணற்றில் இறங்குகிறவர், காப்பாற்றப்பட வேண்டிய அடுத்த ஆள். மீட்பு என்பதே துணைக்கருவியின் வரலாறு என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். வீரம் எல்லாக் காலத்திலும் ஒரே அச்சு உடம்பு. கையிலும் முதுகிலும் என்ன இருக்கிறது என்பதுதான் ஆள் திரும்பி மேலே வருவாரா என்பதைத் தீர்மானிக்கிறது.

அதனால் நம்ம ஊருக்கு ஒரு மீட்பாளர் செய்வதென்றால் பட்டியல் இதுதான்: காக்கி உடை, நெஞ்சிலும் தொடையிலும் சுற்றிய வார்ப்பட்டை, கிணற்று வாய்க்கு மேலே நிறுத்த ஒரு முக்காலி, அதில் கப்பி, கயிறு, முகமூடி, முதுகில் சிலிண்டர். முக்காலிக்கு மூன்று ஈர்க்குச்சி, கப்பிக்குச் சட்டைப் பொத்தான், சிலிண்டருக்குப் பேனா மூடி, மிச்சத்துக்கு எம்-சீல். எவ்வளவு சின்னதாகச் செய்தாலும் சிலிண்டரை மட்டும் கழறாத மாதிரி ஒட்டிவிட வேண்டும். விளையாடுகிற பிள்ளை அதைப் பிடுங்கப் பார்த்து, "இது எதுக்கு?" என்று கேட்கும். அப்போது சொல்லலாம்: "கீழ காத்து இருக்காது கண்ணு. இதை மாட்டாம யாரும் இறங்கக் கூடாது."