‘கேஸ்’ பிடித்தவர்களின் போட்டி

1927-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்துப் பீபாடி ஓட்டலில் ஆயுள் காப்பீட்டு முகவர்கள் 32 பேர் கூடினார்கள். கூட்டியவர் பால் கிளார்க். ஒரே ஆண்டில் பத்து லட்சம் டாலருக்குக் காப்பீடு விற்றவருக்குத்தான் அங்கே நாற்காலி. அன்று பிறந்த ‘மில்லியன் டாலர் ரவுண்ட் டேபிள்’தான் நம் ஊர் முகவர்களின் வாசல் பலகையில் எம்.டி.ஆர்.டி. என்று நிற்கிறது. தஞ்சைப் பக்கம் எல்.ஐ.சி. டெவலப்மெண்ட் ஆபீசராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். அந்த நான்கு எழுத்துக்காக இளைஞர்கள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

நம்மிடம் முதலில் நடந்தது கம்பெனிகளுக்குள் போட்டி. 1829-இல் மதராஸ் ஈக்விடபிள் வந்தது. 1906-இல் சென்னையிலேயே யுனைடெட் இந்தியா தொடங்கியது. கம்பெனிகள் பெருகப் பெருக, முகவர் தன் கமிஷனில் ஒரு பங்கை வாடிக்கையாளருக்கே விட்டுக்கொடுத்துக் ‘கேஸ்’, அதாவது புதுப் பாலிசி, பிடிப்பது வழக்கமாயிற்று. 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு அதைக் குற்றமாக்கியது, வழக்கம் நிற்கவில்லை. 1955 டிசம்பரில், தொழிலதிபர் டால்மியா தன் காப்பீட்டுக் கம்பெனியின் பணத்தைக் கையாண்டதை ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் அம்பலப்படுத்தினார். அடுத்த ஜனவரி 19 இரவு, ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாகும் செய்தியை நிதியமைச்சர் தேஷ்முக் வானொலியில் அறிவித்தார். 245 நிறுவனங்களை ஒன்றாக்கி 1956 செப்டம்பர் 1-இல் எல்.ஐ.சி. உருவானது.

எதிர்க் கம்பெனி இல்லை என்றானதும் போட்டி வீட்டுக்குள் வந்தது. கிளைக்குக் கிளை, முகவருக்கு முகவர். கிளை மேலாளர் கிளப், கோட்ட மேலாளர் கிளப், மண்டல மேலாளர் கிளப், சேர்மன் கிளப் என்று படிகள் வைத்தார்கள். சேர்மன் கிளப் உறுப்பினர் என்றால் ஊரில் தனி மரியாதை.

காவிரிப் பாசன ஊர்களில் இந்தப் போட்டிக்கு ஒரு பருவம் உண்டு. சம்பா அறுவடை தையில் தொடங்கி மாசியில் முடியும்; நெல் விற்ற காசு கைக்கு வரும் நேரத்தில் மார்ச் குளோசிங். பள்ளிக்கூட ஆசிரியர்கள் வருமான வரிக் கணக்குப் பார்ப்பதும் அதே நாட்களில்தான். களத்துமேட்டில் ஒருவர், ஆசிரியர் ஓய்வறையில் ஒருவர் என்று முகவர்கள் புரபோசல் பாரத்தோடு நிற்பார்கள். கிளையில் கரும்பலகை வைத்து, மாலைக்கு மாலை பெயரும் எண்ணிக்கையும் எழுதுவோம். கடைசி இரண்டு நாள் இரவு வெகுநேரம் வரை கவுண்டரில் கூட்டம் நிற்கும். அந்த உற்சாகத்தை நான் இன்றும் மதிக்கிறேன். வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த எத்தனையோ பிள்ளைகளை அது மனிதர்களாக நிமிர்த்தியது.

கெடுதலும் அந்த இரவுகளில்தான் விளைந்தது. பலகையில் பெயர் ஏற வேண்டும் என்று பையன்கள் தங்கள் கைக்காசைப் போட்டு ஃபர்ஸ்ட் பிரீமியம் கட்டினார்கள். யார் பெயரில் கட்டினார்களோ அவருக்கு அது தன் பாலிசி என்ற எண்ணமே இராது. இரண்டாம் தவணை வராது, பாலிசி லேப்ஸ். மூன்றாண்டு கட்டினால்தான் பெய்ட்-அப் மதிப்பு என்றிருந்த காலம் அது. அதற்கு முன்பே கட்டுவதை நிறுத்தியவர் இறந்துபோனால், குடும்பம் கையில் பத்திரத்தை வைத்துக்கொண்டு நிற்கும்.

எங்கள் கிளையில் ஒரு மூத்த முகவர் இருந்தார், ஓய்வுபெற்ற ஆசிரியர். கரும்பலகையில் அவர் பெயர் மேலே வந்ததில்லை. சைக்கிளில் வீடு வீடாகப் போய்த் தவணை தேதியை நினைவுபடுத்துவார். யாராவது இறந்துவிட்டால் காரியம் முடிந்த மறுநாளே இறப்புக் கோரிக்கைக்கான 3783 படிவத்தோடு போய், இறப்புச் சான்றிதழையும் நாமினி பெயரையும் ஒத்துப்பார்த்து, தானே நிரப்பிக் கையெழுத்து வாங்கி வருவார். “போர்டுல என் பேரு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன சார்? அந்தம்மா கைக்கு செக்கு போயிடுச்சான்னு பாருங்க” என்பார். அவர் மறைந்த பிறகு, சட்டப்படி அவருடைய ரினியூவல் கமிஷன் மனைவிக்கு வந்துகொண்டிருந்தது. பாலிசிகள் உயிரோடு இருந்ததால்தான் அது வந்தது.

கிளப் விதிகள் புது வணிகத்தோடு நடப்பில் உள்ள பாலிசிகளையும் கணக்கில் எடுத்தன. அந்த அளவில் அவை மெம்பிஸ் அளவுகோலைவிடச் சிறந்தவை என்பது என் தீர்மானமான எண்ணம். எம்.டி.ஆர்.டி. ஓராண்டு வணிகத்தைப் பார்க்கிறது. பிறகு 2000-இல் தனியார் கம்பெனிகள் வந்தன; முகவராக நூறு மணி நேரப் பயிற்சியும் தேர்வும் வைத்தார்கள், வெளிநாட்டுப் பயணம் பரிசாயிற்று. போட்டி மறுபடியும் கம்பெனிகளுக்குள் போயிற்று.

இப்போது காப்பீட்டுத் துறை இளைஞர்களை மேடையேற்றி, நடுவர்களை உட்காரவைத்து, கேமரா முன்னால் போட்டி வைக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பேச்சுத் திறனும் விற்பனைத் திறனும் இருக்கட்டும். ஒரு சுற்றில், நாமினி பெயர் தவறாக எழுதப்பட்ட ஓர் இறப்புக் கோரிக்கைக் கோப்பைக் கையில் கொடுங்கள். அதைத் தீர்த்து, குடும்பத்துக்குப் பணம் சேர என்ன வழி என்று சொல்லச் சொல்லுங்கள். அதிக மதிப்பெண்ணை அந்தச் சுற்றுக்கு வையுங்கள்.