நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி: கடலூர் மாவட்டத்தில் நெய்வேலியை நடுவாகக் கொண்டு விருத்தாசலம், சேத்தியாத்தோப்புப் பக்கங்களுக்கும் பரவிக் கிடக்கும் எரிபொருள் படிவு. லிக்னைட் என்பதும் இதுவே. இந்தியாவில் இதுவரை அறியப்பட்ட லிக்னைட்டில் பெரும்பங்கு தமிழ்நாட்டில் உள்ளது. அதில் சுரங்கம் கண்டது நெய்வேலி. வெட்டியெடுக்கும்போது இதன் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். சாம்பல் குறைவு என்றாலும் வெப்பத்திறனும் குறைவு. குவித்து வைத்தால் தானே தீப்பற்றும். ஈரத்தைச் சுமந்துகொண்டு தொலைவு போவது கட்டுபடியாகாது என்பதால் சுரங்க வாயிலிலேயே எரித்து மின்சாரமாக்குகிறார்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இது வெளியிடும் கரியமில வாயு, நல்ல நிலக்கரி வெளியிடுவதைவிட அதிகம்.

இந்தப் படிவு அமைந்திருப்பது ‘கடலூர் மணற்கல்’ என்று நிலவியலார் பெயரிட்ட பாறைத் தொகுதிக்குள். கடலூர் நகரத்து மஞ்சக்குப்பத்திலிருந்து சிறிது தொலைவில் செம்மண் மேடாக எழும் கேப்பர் மலையும், கல்லாகிப்போன பெருமரங்கள் கிடக்கும் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையும் இதே தொகுதியைச் சேர்ந்தவை. கல்மரங்களைப் பார்த்தவர்களுக்கு, நெய்வேலிக் கரியும் ஒரு காலத்துக் காடுதான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காட்டின் வயது பற்றிக் கருத்து ஒன்றுபடவில்லை. மயோசீன் காலம் என்பது நெடுநாளாகச் சொல்லப்படுவது. படிவிலுள்ள மகரந்தத் துகள்களை ஆராய்ந்தவர்களில் சிலர் அதற்கும் முற்பட்டது என்கிறார்கள்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடுத்த பாகூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணறு இறக்கியபோது லிக்னைட் தட்டுப்பட்டதாகக் குறிப்பு உண்டு. அதற்குப் பிறகு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அது யார் கவனத்தையும் பெறவில்லை.

அந்த இடைவெளியில் சென்னை மாகாணம் மின்சாரத்துக்குப் பெரிதும் நம்பியிருந்தது தண்ணீரை. பைக்காரா 1932இலும், மேட்டூர் 1937இலும், பாபநாசம் 1944இலும் மின்சாரம் தரத் தொடங்கின. நிலக்கரி வேண்டுமென்றால் வங்காளம், பீகார்ப் பக்கமிருந்து வரவேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதற்கும் தட்டுப்பாடு வந்தது. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பின்னால் வந்த புதுமை என்ற எண்ணம் தமிழ்நாட்டைப் பொறுத்தவரை சரியன்று. இங்கே முதலில் வந்தது அருவி. மழை பொய்த்தால் மின்சாரமும் பொய்க்கும் என்ற அச்சமே பூமிக்கடியில் தேடத் தூண்டியது.

நெய்வேலிக் கண்டுபிடிப்பு ஜம்புலிங்க முதலியார் பெயரோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. 1930களின் நடுவில் அவருடைய நிலத்தில் கிணறு இறக்கியபோது தண்ணீரோடு கறுப்பாக ஒரு பொருள் வெளிவந்தது, எரித்துப் பார்த்தார்கள், எரிந்தது, அரசுக்குத் தெரிவித்தார். பின்னர் 600 ஏக்கருக்கும் மேற்பட்ட தம் நிலத்தை இதற்காக வழங்கினார் என்பது நெய்வேலியில் எல்லாரும் சொல்வது. ஆண்டைக் குறிப்பதில் நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு.

1940களின் தொடக்கத்தில் பின்னி நிறுவனம் துளையிட்டுப் பார்த்தது. 1943 முதல் 1946 வரை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை துளையிட்டது. பரந்த படிவு இருக்கிறது என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது அதற்கடுத்த கட்டம். சுரங்கப் பொறியாளர் கோஷ் மேற்பார்வையில் 1940களின் இறுதியிலும் 1950களின் தொடக்கத்திலும் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் துளையிட்டு, படிவின் ஆழமும் தடிமனும் கணக்கிடப்பட்டன. மேலே 50 முதல் 100 மீட்டர் வரை மண்ணும் மணற்கல்லும். அதற்கடியில் சில இடங்களில் 8 மீட்டரும் சில இடங்களில் 20 மீட்டருக்கு மேலும் தடித்த கரி. இது வரைக்கும் நல்ல செய்தி.

கெட்ட செய்தி கரிக்கும் கீழே இருந்தது. படிவுக்கு அடியிலுள்ள மணல் அடுக்கில் தண்ணீர் பேரழுத்தத்தோடு அடைபட்டுக் கிடந்தது. சதுர செண்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்தும் நீர் அது. மாவட்டத்தின் பல ஊர்களில் மோட்டார் இல்லாமலே ஆழ்துளைக் கிணறுகள் தாமாகப் பொங்கி வழிந்ததற்கு இந்த அழுத்தமே காரணம். மேல்மண்ணின் பாரம் இருக்கும் வரை அது அடங்கிக் கிடக்கும். மண்ணை அகற்றினால் கரியடுக்கைப் பிளந்துகொண்டு எழுந்து சுரங்கத்தையே மூழ்கடித்துவிடும். உழவனுக்கு வரமாயிருந்த ஊற்று சுரங்கக்காரனுக்குப் பகையாயிற்று.

இந்தச் சிக்கலுக்கு விடை காண 1950களின் தொடக்கத்தில் ஒரு சோதனைக் குழி வெட்டப்பட்டது. குழியைச் சுற்றி ஆழ்குழாய்கள் இறக்கி, இரவு பகல் ஓயாமல் நீரை இறைத்து, அடியழுத்தத்தைத் தணித்தபடியே தோண்டினார்கள். இறைப்பு நின்றால் குழி போய்விடும். ஆகவே மின்தடை இல்லாத பம்புகளும், அளவு பார்த்துக்கொண்டே இருக்கும் ஆட்களும் வேண்டியிருந்தது. கரியை எட்டினார்கள், குழி மூழ்கவில்லை. நெய்வேலியின் வரலாற்றில் தொடக்க விழாக்களுக்குக் கிடைத்த இடம் இந்தப் பம்புகளுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் திட்டம் நடக்கும் என்பதை மெய்ப்பித்தவை இவையே. பிரிட்டனின் பவல் டஃப்ரின் நிறுவனம் 1954இல் திட்ட அறிக்கை அளிக்கும் பணியை ஏற்றது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்க வெட்டைத் தொடங்கிவைத்தார். டெல்லியை இணங்கவைத்ததில் ராஜாஜியின் பங்கு எவ்வளவு, காமராஜரின் பங்கு எவ்வளவு என்பதில் எழுதுபவரின் சார்புக்கு ஏற்ப அழுத்தம் மாறும். இருவர் ஆட்சியிலும் வேலை நடந்தது.

மேல்மண்ணை அகற்ற ஜெர்மனியிலிருந்து பக்கெட் வீல் எந்திரங்கள் வந்தன. பல மாடி உயரத்துக்கு நிற்கும் எந்திரம். அதன் சக்கரத்தில் வரிசையாக வாளிகள். ஒவ்வொரு வாளிக்கும் பற்கள். ஐரோப்பாவின் மென்மண்ணுக்கு ஏற்றபடி செய்த அந்தப் பற்களைக் கடலூர் மணற்கல் தேய்த்துத் தள்ளியது. பாறையை முன்னதாகவே வெடிவைத்துத் தளர்த்திய பிறகு எந்திரத்தை இறக்கும் முறை அதனால் ஏற்பட்டது. 1961 ஆகஸ்டில் கரி வெளிப்பட்டது. 1962இல், சோவியத் உதவியுடன் கட்டிய முதல் அனல்மின் நிலையத்தின் 50 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கியது. 1970 வாக்கில் அந்நிலையம் 600 மெகாவாட் ஆயிற்று.

மின்சாரத்தோடு நிற்கவில்லை. கரியிலிருந்து யூரியா செய்யும் உரத் தொழிற்சாலை 1960களில் வந்தது. கரியைப் பொடித்து அழுத்திச் சுட்டு ‘லெகோ’ என்ற பெயரில் விற்ற கட்டிகள் அடுப்பெரித்தன. இரண்டும் பின்னர் மூடப்பட்டன. பகுதிகளை ‘வட்டம்’ என்று எண்ணிட்டு அழைக்கும் நகரியமும், நிழல் கவிந்த அதன் சாலைகளும், 1990களின் இறுதியிலிருந்து நடந்துவரும் புத்தகக் கண்காட்சியும் இந்தக் கரியின் பலன்களில் சேர்க்கத் தக்கவை.

இரண்டாம் சுரங்கமும் 1,470 மெகாவாட் இரண்டாம் அனல்மின் நிலையமும் 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் எழுந்தன. முதல் நிலைய விரிவாக்கம் 2003இல் முடிந்தது. நிறுவனத்தின் பங்கு விற்பனை எதிர்ப்பால் 2006இல் கைவிடப்பட்டது. 2013இல் மத்திய அரசின் பங்கில் ஒரு சிறு பகுதி தமிழ்நாட்டு அரசு நிறுவனங்களுக்கு விற்கப்பட்டது. 2016இல் நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா ஆயிற்று. 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் நிலையத்தில் கொதிகலன் வெடித்துப் பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதே ஆண்டில் முதல் நிலையம் ஓய்வு பெற்றது. அதனிடத்தை 1,000 மெகாவாட் புதிய நிலையம் எடுத்துக்கொண்டது.

நிலம் கொடுத்த ஊர்களைப் பற்றிய பதிவு இந்த அளவுக்கு விரிவாக இல்லை. எத்தனை குடும்பங்கள் இடம்பெயர்ந்தன என்பதில் நிறுவனத்தின் கணக்கும் ஊர்க்காரர்களின் கணக்கும் ஒத்துவருவதில்லை. இழப்பீடு, மாற்று மனை, வீட்டுக்கொரு நிரந்தர வேலை ஆகிய மூன்றும் அன்றிலிருந்து இன்றுவரை கேட்கப்படுபவை. மஞ்சக்குப்பத்து ஆட்சியர் அலுவலகத்துக்கு இந்த மனுக்கள் தலைமுறை தாண்டி வந்துகொண்டிருக்கின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, விளைந்துகொண்டிருந்த நெற்பயிருக்குள் எந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே எடுக்கப்பட்டு இழப்பீடும் தரப்பட்டது என்றது நிறுவனம். அறுவடை வரை பொறுத்திருக்கலாகாதா என்பது உழவர்களின் கேள்வி. சென்னை உயர் நீதிமன்றத்திலும் அந்தக் கேள்வி எழுந்தது. சட்டப்படி நிலம் யாருடையதாக இருந்தாலும், கதிர் வரும் வேளையில் பயிரை அழித்தது நெல் விளையும் மாவட்டத்தில் எளிதில் மறக்கப்படாது.

நீரின் கணக்கு மிகவும் சிக்கலானது. கரியை எடுக்கப் பெருமளவு நீர் இறைக்கப்படுகிறது. அந்த நீரில் ஒரு பகுதி மின் நிலையங்களுக்கும், ஒரு பகுதி வாய்க்கால் வழியாகப் பாசனத்துக்கும் போகிறது. 2017 வறட்சியில் சுரங்க நீர் சென்னையின் குடிநீருக்கும் உதவியது. மறுபக்கம், தாமாகப் பொங்கிய கிணறுகள் பல ஊர்களில் பொங்குவதை நிறுத்திவிட்டன. நீர்மட்டம் இறங்கியதற்கு இறைப்பே காரணம் என்கிறார்கள் ஊர்மக்கள். பாசன ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது எதிர்வாதம். இரண்டும் ஓரளவு உண்மையாகவே தெரிகிறது. சுரங்கத்து மண்மேடுகளிலிருந்து கரைந்த வண்டல் வாலாஜா ஏரியைத் தூர்த்தது. பிற்பாடு அது தூர்வாரப்பட்டது. 2015 நவம்பர் வெள்ளத்தில் மண்மேடுகளின் பங்கு என்ன என்பது தீரவில்லை. சுற்றுவட்டார நீர்நிலைகளில் பாதரசம் அளவு மீறியிருப்பதாகப் பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா ஆகிய சுற்றுச்சூழல் அமைப்புகள் 2023இல் ஓர் ஆய்வில் தெரிவித்தன. அது பசுமைத் தீர்ப்பாயத்தின் கவனத்துக்குச் சென்றது. மண்மேடுகளில் மரம் வளர்த்திருப்பது உண்மை. அங்கே முன்பிருந்த முந்திரித் தோப்புக்கு அது ஈடாகுமா என்பது வேறு.

மாவட்டத்தில் அனல்மின் நிலையம் நெய்வேலியில் மட்டும் இல்லை. சிதம்பரம் பக்கம் பரங்கிப்பேட்டையை அடுத்து, இறக்குமதி நிலக்கரியில் ஓடும் 1,200 மெகாவாட் அனல்மின் நிலையம் 2015–16இல் இயங்கத் தொடங்கியது. பிச்சாவரம் அலையாத்திக் காடுகள் அருகில் இருப்பதால் அதன் அனுமதி வழக்குக்கு உள்ளாயிற்று.

புதிய சுரங்கங்களுக்கு வரம்பும் வந்தது. காவிரிப் படுகையின் வேளாண்மையைக் காக்கத் தமிழ்நாடு அரசு இயற்றிய 2020ஆம் ஆண்டுச் சட்டம் காட்டுமன்னார்கோவில், கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சேர்த்தது. 2023 ஏப்ரலில், சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ளது உட்பட மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டன.

நிறுவனமும் கரியோடு நிற்கவில்லை. என்.எல்.சி.யின் சூரிய மின்திறன் இப்போது 1,000 மெகாவாட்டைத் தாண்டியுள்ளது. அதில் பெரும்பகுதி இராமநாதபுரம், விருதுநகர், திருநெல்வேலி போன்ற தென்மாவட்டங்களில் உள்ளது. கடலூர் மாவட்டத்தின் பங்கு சிறிது.