மகமை வளர்த்த மனம்

பாலைவனக் கூட்டங்களைப் பிணைத்த பந்தத்தை ‘அஸபிய்யத்’ என்றார் இப்னு கல்தூன் (ரஹ்). நகர வாழ்வு அதைத் தேய்த்துவிடும் என்று ஹிஜ்ரி 779ல் (கி.பி. 1377) தாம் முடித்த ‘முகத்திமா’வில் எழுதினார். நம் வானம்பார்த்த பூமியோ வேறு கதை கூறுகிறது.

அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி உள்ளிட்ட ஆறு ஊர்களில் 19ஆம் நூற்றாண்டில் வணிகம் செய்த நாடார்கள், பேட்டைக்கு வந்த சரக்கின்மீது ‘மகமை’ எடுத்துவைத்தார்கள். கிணறும் பள்ளிக்கூடமும் அப்பணத்தில் எழுந்தன. தன் இலாபம் தனக்கு மட்டுமன்று என்று கடைக்காரன் எண்ணப் பழகியது அங்கேதான் என்பது நம் கருத்து. இப்னு கல்தூன் கண்டிருந்தால் இன்னோர் அத்தியாயம் எழுதியிருப்பார் போலும்!

திருச்சுழிக்கு அப்பால் கமுதிக் கோயிலில் 1897ல் அவர்கள் நுழைந்தது வழக்காயிற்று. இலண்டன் பிரிவு கவுன்சில் 1908ல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. தோற்றவர்கள் ஒடுங்கிவிடவில்லை, 1910ல் மகாஜன சங்கம் கண்டார்கள். 1921ல் அரசாங்கப் பதிவேட்டிலும் அவர்கள் விரும்பிய பெயரே ஏறியது.