கிணத்துத் தண்ணி தெளிவாதான் இருக்கு... நைட்ரேட் செக் பண்ணீங்களா?

'எங்க கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்'னு சொல்றவரா நீங்க? நைட்ரேட்டுக்கு நிறம், மணம், சுவை எதுவும் கிடையாது மக்களே!

செப்டிக் டேங்க் கழிவுநீர் மண்ணில் இறங்கும்போது, அதிலுள்ள அம்மோனியாவை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும். அது மண்ணில் ஒட்டாமல் நிலத்தடி நீரில் கலந்துவிடும். இந்தியத் தர நிர்ணயப்படி, லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை. அதைத் தாண்டிய தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாயலாம்.

கொதிக்க வெச்சா சரியாகாது. தண்ணி வத்தி, நைட்ரேட் அடர்த்திதான் கூடும். ஆர்.ஓ. குறைக்கும்.

உரத்தாலும் நைட்ரேட் ஏறும். அதனால் குளோரைடு, ஈ.கோலை டெஸ்ட்டும் சேர்த்து எடுங்க. ஈ.கோலை இருந்து, குளோரைடும் அக்கம்பக்கக் கிணறுகளைவிட அதிகம்னா, முதல் சந்தேகம் செப்டிக் டேங்க் மேலதான். புதுசா வீடு கட்டுறீங்களா? கிணத்துக்கும் உறிஞ்சுகுழிக்கும் 18 மீட்டராவது இடைவெளி விடுங்க!