பார்ன்பரோவின் தண்ணீர்த் தொட்டியும் கார்பன் இழையும்

விமானத்தின் உடல் ஓயாத உழைப்பினால் எவ்வாறு களைத்து முறிகிறது என்பதை மனிதன் கற்றுக்கொண்ட சரித்திரத்தில், இங்கிலாந்தின் பார்ன்பரோவுக்கு உள்ள ஸ்தானம் தனியானது. 1954-ஆம் வருஷம் ஜனவரியில் எல்பா தீவுக்கு அருகிலும், ஏப்ரலில் நேப்பிள்ஸுக்குத் தெற்கேயும், காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறிக் கடலில் விழுந்து 56 உயிர்கள் மாண்டபோது, காரணத்தைக் கண்டறியும் பொறுப்பு அவ்வூரிலிருந்த அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையத்தையும் அதன் தலைவர் ஆர்னால்ட் ஹாலையும் சார்ந்தது. அவர்கள் ஒரு காமெட்டின் முழு உடலையும் பெருந்தொட்டியில் அமிழ்த்தி, ஒவ்வொரு பிரயாணத்திலும் உள்ளிருந்து விம்மும் காற்றின் அழுத்தத்திற்குப் பதிலாகத் தண்ணீரின் அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும், வெளியே நீட்டி நின்ற சிறகுகளை வளைத்தும் இரவு பகலாகச் சோதித்தார்கள். முன்பு பறந்த பறத்தல்களையும் சேர்த்து ஏறக்குறைய 3,060 சுற்றுகள் ஆனபோது, ஜன்னல் மூலையில் பிறந்த வெடிப்பு உடலைக் கிழித்துவிட்டது.

அதே நிலையத்தில்தான், பத்து வருஷங்கள் கழித்து, வாட், பிலிப்ஸ், ஜான்சன் ஆகிய மூவர் பலமும் விறைப்பும் மிக்க கார்பன் இழையைத் தயாரிக்கும் மார்க்கத்தைக் கண்டார்கள் என்பது என்னைப் பெரிதும் கவர்ந்த விஷயம். இழைகளைப் பிசினில் தோய்த்து, அடுக்குக்கு ஒரு திசையாகப் படியவைத்து இறுக்கினால் அலுமினியத்தைவிட லேசான உறுதியான பலகை கிடைக்கிறது. இழையின் திசையிலேயே இழுத்தால் அது எளிதில் களைப்பதும் இல்லை. ஆனால் உலோகத்தில் வளரும் ஒற்றை வெடிப்பின் வேகத்தை, 1960-களில் பால் பாரிஸ் முதலியோர் வகுத்த விதியைக் கொண்டு கணித்துவிடலாம். இப்பொருளிலோ, குறுக்கு அடுக்குகளின் பிசினில் நுண்ணிய பிளவுகள் முதலில் ஒன்றிரண்டாகவும் பிறகு வரிசை வரிசையாகவும் தோன்றி, அடுக்குகளின் நடுவே பரவி, பசை விட்ட புத்தகத்தின் ஏடுகள்போல் அவற்றைப் பிரித்துவிட, அதன்பின் நெருக்கும் பாரத்தைத் தாங்க மாட்டாமல் அவ்வடுக்குகள் மடங்கிவிடுகின்றன.

தவறி விழுந்த ஒரு கருவிகூட வெளியே சுவடு காட்டாமல் உள்ளே இத்தகைய பிரிவை உண்டாக்கக்கூடும். ஆதலால் சேதத்தின் வளர்ச்சியை அறியக் கணிதத்தை மட்டும் நம்பிவிடாமல், வேண்டுமென்றே அடித்துக் காயப்படுத்திய பாகத்தின்மீது விமானத்தின் ஆயுட்காலப் பாரங்களையெல்லாம் திரும்பத் திரும்பச் செலுத்தி, காயம் வளரவில்லை என்று நிரூபிப்பதே வழக்கமாயிற்று; உயிர்களைச் சுமக்கும் பொருளுக்கு அதுவே தகுந்த நேர்மை என்பது என் அபிப்பிராயம். 1984-இல் ஐந்தே போயிங் 737 விமானங்களின் வாலிலுள்ள கிடைச் சிறகுகளில் பரீட்சார்த்தமாகப் பொருத்தப்பட்ட இப்பொருள், 2011-இல் போயிங் 787 பிரயாணிகளை ஏற்றத் தொடங்கியபோது அதன் எடையில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.