காஞ்சியோடு நின்ற கடற்பயணம்

கி.பி. 640 வாக்கில் காஞ்சிபுரம் வந்து சேர்ந்த சீனத் துறவி யுவான் சுவாங்குக்கு இலங்கை போய்விட வேண்டும் என்பதே எண்ணம். காஞ்சி தென்னாட்டின் கடல்வாசல், அங்கிருந்து மூன்று நாளில் கப்பலில் சிங்களத் தீவை அடையலாம் என்கிறது அவருடைய வாழ்க்கை வரலாறு. ஊரென்னவோ கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கிறது. பல்லவரின் கப்பல்கள் நின்ற துறை மாமல்லபுரம். பின்னாளில் திருமங்கையாழ்வார் பாடியதும் அந்தக் கடல்மல்லைக் கலங்களைத்தான்.

யுவான் சுவாங் கப்பல் ஏறவில்லை.

அவர் போக நினைத்த தீவிலிருந்தே முந்நூறுக்கும் மேற்பட்ட பிக்குகள் காஞ்சிக்கு வந்திருந்தார்கள். அரசர் இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சம் என்றார்கள். பசித்தவர்கள் காஞ்சியை நாடி வந்தது பொருத்தம்தான்; பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு மணிமேகலை அமுதசுரபியோடு வந்து சோறிட்டதாகச் சொல்லும் காப்பியம் தமிழில் இருக்கிறது. வந்தவர்களிடம் யோகாசார நூலில் தமக்கிருந்த ஐயங்களை யுவான் சுவாங் கேட்டார். நாளந்தாவில் தம் ஆசிரியர் சீலபத்திரர் சொன்னதைத் தாண்டி அவர்களால் விளக்க முடியவில்லை.

அந்தச் சீலபத்திரரின் குரு தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர், அமைச்சரின் மகன். அரசகுமாரியை மணக்க வேண்டிய நாளின் மாலையில் புத்தர் சிலைமுன் மனமுருகி வேண்டியவர், வீட்டை விட்டுப் போய்த் துறவியானார் என்று யுவான் சுவாங் எழுதிவைத்திருக்கிறார். தம் ஆசிரியரின் ஆசிரியர் பிறந்த ஊரில் அவர் கண்டது நூற்றுக்கும் மேற்பட்ட விகாரைகள், பத்தாயிரம் பிக்குகள். கூடவே எண்பது இந்துக் கோயில்கள், ஏராளமான சமணர்கள்.

அந்த விகாரைகளில் ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. புத்தர்கள் மட்டும் மற்றக் கோயில்களுக்குள் தங்கிவிட்டார்கள். 1915-இல் தொல்லியல் அறிஞர் து. அ. கோபிநாதராவ் தேடியபோது காமாட்சியம்மன் கோயில் பிரகாரத்தில் ஏறக்குறைய எட்டடி உயரப் புத்தர் நின்றிருந்தார். கருக்கினில் அமர்ந்தாள் அம்மன் கோயிலில் அமர்ந்த கோலப் புத்தர்களைக் கண்டார். ஏகாம்பரநாதர் கோயிலின் வெளிமதிற் கற்களிலும் சின்னஞ்சிறு புத்தர்கள் புடைப்பாகத் தெரிகிறார்கள்: தியானத்தில் அமர்ந்தவர், பரிநிர்வாணத்தில் சாய்ந்தவர்.

பட்டெடுக்க வருகிறவர்கள் அந்த மதிலோரம் ஒருமுறை மெதுவாக நடக்கலாம். காமாட்சியம்மன் கோயிலில் இருந்த புத்தரைப் பார்க்க எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.