யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளியும் பிரிக்பீல்ட்ஸ் கிராணிகளும்

பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாணத் தமிழர் குடியேறிய கதையை ரயில்வேயிலிருந்து தொடங்குவதே வழக்கம். ஆனால் அதன் வேர், கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே 1886-இல் ரயில் ஓடுவதற்குச் சரியாக 70 ஆண்டுகளுக்கு முன்பு வட இலங்கையில் ஊன்றப்பட்டது.

அமெரிக்க மிஷனரிகள் 1816-இல் யாழ்ப்பாணம் வந்தனர். சிறிய தீபகற்பம், ஆறு கிடையாது. கிணற்று நீரை இறைத்துத்தான் பயிர் செய்ய வேண்டும். மக்கள் நெருக்கமோ அதிகம். காணி தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரிந்து சுருங்கியது. மிஷன் அங்கே ஊர்ப் பள்ளிகளைத் திறந்தது. 1823-இல் டேனியல் பூவரைத் தலைவராகக் கொண்டு வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியது. ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல் எல்லாம் அங்கே பாடம்.

பெண் பிள்ளையைப் படிக்க அனுப்பப் பெற்றோர் தயங்கிய காலம் அது. 1824-இல் தொடங்கிய உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளி சோறும் துணியும் கொடுத்தது. படிப்பை முடிக்கும் பெண்ணுக்குச் சீதனமும் தருவதாகச் சொன்னது. மதம் மாற்றும் நோக்கம் அதில் இல்லாமல் இல்லை. ஆனாலும் படித்த பெண்கள் ஒரு தலைமுறையாக உருவாயினர்.

மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிரீன் செய்த வேலை தனித்துச் சொல்ல வேண்டியது. 1847-இல் வந்த அவர் தமிழ் கற்று, உடற்கூறு முதலிய மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். 60-க்கும் மேற்பட்டோரை மருத்துவர்களாகப் பயிற்றுவித்தார். அவர்களில் பாதிப்பேர் தமிழிலேயே படித்தவர்கள்.

செமினரி 1855-இல் மூடப்பட்டது. ஆங்கிலம் படித்த பிள்ளைகள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகம் தேடுகிறார்கள் என்பது மிஷன் தலைமையின் முக்கியக் குறை. எந்தப் பலனை மிஷன் குறையாகக் கண்டதோ, அதைத்தான் பெற்றோர் விரும்பினர். மக்களின் கேட்டலால் 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அதற்கு முன்பே, வெஸ்லியன் மிஷனில் படித்துப் பாதிரியார் பெர்சிவலுக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்தார். பள்ளிக்குப் போட்டியாகப் பள்ளி எழுந்தது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு லாபம்தான்.

படித்தவர் பெருகினர்; ஊரில் வேலை போதவில்லை. மலாயாவிலோ ஆங்கிலம் தெரிந்த கிராணிகளும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் தேவைப்பட்டனர். சிலாங்கூரின் பொதுப்பணிகளையும் பின்னர் ரயில்வேயையும் நடத்திய ஸ்பூனர், முன்பு இலங்கையில் வேலை பார்த்தவர்; யாழ்ப்பாணத்தாரை அறிந்தவர். கப்பலேறி வந்தவர்கள் ரயில்வே பட்டறைக்குப் பக்கத்தில் பிரிக்பீல்ட்ஸில் நிலைத்தனர். அவர்களில் பலர் மிஷன் பள்ளியில் படித்தும் சைவராகவே இருந்தவர்கள். 1904-இல் அங்கே விவேகானந்தா ஆசிரமம் உருவானபோது முன்னின்றவர்கள் இலங்கைத் தமிழர்களே.

கோலாலம்பூரிலும் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளி 1897-இலும், புக்கிட் நானாஸ் கான்வென்ட் 1899-இலும், செயின்ட் ஜான்ஸ் 1904-இலும் தொடங்கின. பட்டணத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவை எட்டின. கிள்ளான் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளுக்குச் சம்பளமும் தூரமும் குறுக்கே நின்றன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தப் பள்ளிகளிலும் தொடக்கப் படிப்போடு சரி, ஆங்கிலம் கிடையாது. தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதிய கிராணியும் தமிழர், அதில் பெயர் பதிந்த தொழிலாளியும் தமிழர் என்ற நிலை பல தோட்டங்களில் இப்படித்தான் உண்டானது.